வாசிக்கத் தடுமாறும் மாணவரும் ஆசிரியர் பயிற்சியும்: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தின் கல்வி வரலாறு

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் பள்ளிக் கல்வி வரலாற்றை, எத்தனை பள்ளிகள் திறக்கப்பட்டன, எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் தேர்ச்சி பெற்றார்கள் என்னும் கணக்குகளின் வழியே சொல்வது வழக்கம். வகுப்பில் தவறாமல் அமர்ந்தும் வாசிக்க இயலாமற்போன மாணவரை ஆசிரியர் எவ்வாறு புரிந்துகொண்டார், அம்மாணவருக்கு உதவும் வழியை ஆசிரியருக்கு எவர், எப்போது கற்பித்தார்கள் என்னும் கேள்வியோடு அதே வரலாற்றை அணுகினால், கல்வி நிர்வாகம் எதைத் தன் பொறுப்பாக ஏற்றது, எதை மாணவரின் தலைவிதி என்று விட்டுவிட்டது என்பது துலக்கமாகிறது.

டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்புக் குறைபாடு, அறிவுத்திறனிலோ பார்வையிலோ செவித்திறனிலோ குறையில்லாத ஒரு குழந்தைக்கு, எழுத்தையும் அதன் ஒலியையும் விரைந்து இணைப்பதில் ஏற்படும் நிலையான சிரமத்தைக் குறிக்கும். மூளை மொழியொலிகளைக் கையாளும் விதத்தில் உள்ள வேறுபாடே இதன் அடிப்படை என்பதும், இது பெரும்பாலும் குடும்பவழி தொடர்வது என்பதும் இன்று பரவலாக ஏற்கப்பட்ட முடிவுகள். சொற்களை எழுத்தெழுத்தாகத் தடவி வாசித்தல், வாசித்த வரியை மறுமுறை வாசிக்கும்போதும் தடுமாறுதல், எழுத்துகளை விட்டும் மாற்றியும் எழுதுதல், வாய்மொழியாகக் கேட்டால் சரியாகச் சொல்லும் விடையை எழுத முடியாமற்போதல் ஆகியவை இதன் புறத்தோற்றங்கள். இதற்கு மருந்து இல்லை; ஆனால் முறையாகக் கற்பித்தால் இக்குழந்தைகளாலும் வாசிக்க முடியும். ஆகவே இது மருத்துவமனையில் தீரும் சிக்கலாக அன்றி, வகுப்பறையில், ஆசிரியரின் கையில் தீர வேண்டிய சிக்கலாக இருக்கிறது.

திண்ணைப் பள்ளியின் காலம்

இன்றைய இரு மாவட்டங்களும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வடகிழக்குப் பகுதியாக இருந்தவை. அரியலூர், உடையார்பாளையம் ஜமீன்களின் ஆதரவில் புலவர்களும் இசைவாணர்களும் வாழ்ந்த நிலப்பகுதி இது. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் ஆணையிட்டுத் திரட்டிய உள்ளூர்க் கல்விக் கணக்கின்படி, ஏறத்தாழ 1.28 கோடி மக்கள் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே ஆசிரியர் ஒரு வீட்டுத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ நடத்திய பள்ளிகள்.

அத்தகைய கல்வி இவ்வட்டாரத்தில் எப்படி இருந்தது என்பதற்கு உ.வே. சாமிநாதையரின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’ நம்பத்தக்க சான்று. 1855இல் பிறந்த அவர் தம் இளமையின் கணிசமான பகுதியை அரியலூர், குன்னம், காரை, செங்கணம் ஆகிய ஊர்களில் கழித்தார். அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ் கற்றார். ஏட்டுச்சுவடியும் எழுத்தாணியும் அரிதாகவும் உழைப்பைக் கோருவனவாகவும் இருந்த அக்காலத்தில், நீதிநூல்களும் நிகண்டும் எண்சுவடியும் செவிவழி ஏறி மனத்தில் தங்கின. முதிர்ந்த மாணவரான சட்டாம்பிள்ளை சொல்ல, மற்றவர்கள் ஒருமித்துத் திருப்பிச் சொல்லிப் பாடம் கேட்டார்கள். தொடக்க மாணவர்கள் மணலில் விரலால் எழுத்தை வரைந்துகொண்டே அதன் பெயரை உரக்கச் சொன்னார்கள்.

மணலில் எழுதும் இப்பழக்கம் ஐரோப்பிய கல்வி வரலாற்றிலும் இடம்பெற்றது. 1789 முதல் சென்னையில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்குழந்தைகளுக்கான இல்லத்தை மேற்பார்த்த ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியொன்றில் குழந்தைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையோடு சேர்த்து அதை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். கண், காது, வாய், விரல் ஆகிய நான்கையும் ஒரே வேளையில் ஈடுபடுத்தும் இம்முறைதான், ஒரு நூற்றாண்டுக்கும் மேலான காலத்துக்குப் பிறகு, வாசிப்புக் குறைபாட்டுக்கான பல்புலன்வழிக் கற்பித்தல் என்னும் பெயரில் அறிவியல் அடிப்படையோடு திரும்பி வந்தது.

இதைக் கொண்டு திண்ணைப் பள்ளி அனைவரையும் அரவணைத்தது என்று சொல்லிவிட முடியாது. சாதியும் பாலினமும் பெரும்பாலோரை அதன் வாசலுக்கு வெளியே நிறுத்தின. உள்ளே வந்தவர்களில் பின்தங்கியவர்களுக்குப் பிரம்படியும், கைகளைக் கட்டித் தொங்கவிடும் கோதண்டம் என்னும் தண்டனையும் காத்திருந்தன. ஆயினும் நினைவாற்றலுக்கும் செவிக்கும் முதலிடம் தந்த அம்முறையில், வாசிப்பில் மட்டும் தடுமாறும் ஒருவர் தம் அறிவை நிரூபிக்க வேறு வழிகளும் இருந்தன. அச்சுப் பாடநூலும் எழுத்துத் தேர்வும் வந்தபோது அவ்வழிகள் குறுகின.

பயிற்சிப் பள்ளிகள் தோன்றிய காலமும் ஒரு கண்டுபிடிப்பும்

கிழக்கிந்தியக் கம்பெனியின் 1854ஆம் ஆண்டுக் கல்வி ஆவணத்தைத் தொடர்ந்து, ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் அரசு நார்மல் பள்ளி 1856இல் சென்னையில் தொடங்கியது. அது பின்னர் சைதாப்பேட்டைக்கு மாறி ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. அதன் வழியிலும் கிறித்தவச் சபைகளின் முயற்சியிலும் மாவட்டங்கள்தோறும் உருவான பயிற்சிப் பள்ளிகள், கரும்பலகையைப் பயன்படுத்துவது, பாடக்குறிப்பு எழுதுவது, வகுப்பை ஒழுங்குபடுத்துவது ஆகியவற்றைக் கற்பித்தன. மாணவர் அனைவரும் ஒரே வேகத்தில் வாசிக்கக் கற்பார்கள் என்பது அப்பாடத்திட்டங்கள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட கருத்து.

அதே காலத்தில் மாகாணத்தில் நடைமுறையில் இருந்த மானியமுறை, தடுமாறும் மாணவரின் நிலையை மேலும் கடினமாக்கியது. ஆய்வாளர் பள்ளிக்கு வந்து மாணவர் ஒவ்வொருவரையும் வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் சோதித்து, தேர்ச்சி பெற்றோரின் எண்ணிக்கைக்கு ஏற்ப மானியம் வழங்குவது அம்முறை. கிராமப் பள்ளி ஆசிரியரின் வருவாயே மாணவரின் வாசிப்பைப் பொறுத்து அமைந்ததால், வாசிக்காத மாணவர் அவருக்கு இழப்பாகத் தெரிந்தாரே தவிர, வேறுவகையில் கற்பிக்கப்பட வேண்டியவராகத் தெரியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்மானியமுறை கைவிடப்பட்ட போதிலும், தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டு ஆசிரியரை மதிப்பிடும் மனப்போக்கு நீடித்தது.

வாசிக்க இயலாமை தனியொரு குறைபாடாக இருக்கக்கூடும் என்னும் எண்ணம் ஐரோப்பிய மருத்துவர்களிடமிருந்து வந்தது. ஜெர்மானிய மருத்துவர் அடால்ஃப் குஸ்மால் 1877இல் சொற்குருடு என்னும் நிலையை விவரித்தார். ஸ்டுட்கார்ட் நகரக் கண் மருத்துவர் ருடால்ஃப் பெர்லின் 1887இல் டிஸ்லெக்சியா என்னும் பெயரை வழங்கினார். இவ்விருவரும் மூளைப் பாதிப்பால் வாசிப்பை இழந்த பெரியவர்களைப் பற்றியே எழுதினார்கள். இங்கிலாந்தின் பிரிங்கிள் மார்கன், அறிவுக்கூர்மை மிக்க 14 வயதுச் சிறுவன் ஒருவன் பிறவியிலிருந்தே வாசிக்க இயலாதவனாக இருப்பதை 1896இல் மருத்துவ இதழொன்றில் பதிவு செய்தபோதுதான், பார்வை பள்ளிக்கூடத்தின் பக்கம் திரும்பியது. 1925இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டன் இத்தகைய குழந்தைகளை ஆராயத் தொடங்கினார். அவரோடு இணைந்து உழைத்த அன்னா கில்லிங்காம், ஒலியைப் பிரித்தறிதல், எழுத்தைத் தடவி வரைதல், சொல்லிக்கொண்டே எழுதுதல் ஆகியவற்றைப் படிப்படியாக அடுக்கி ஆசிரியர்களுக்கான கையேடாக ஆக்கினார். வாசிப்புக் குறைபாட்டுக்கான ஆசிரியர் பயிற்சி என்னும் துறை உண்மையில் இங்கிருந்து தொடங்குகிறது. கற்றல் குறைபாடு என்னும் பொதுப்பெயரை 1963இல் சாமுவேல் கிர்க் முன்வைத்தார். வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகியவற்றில் தோன்றும் குறைபாடுகளை ஒரே குடையின்கீழ் அது கொண்டுவந்தது.

தமிழ்நாட்டில் சிறப்புக் கல்வி அப்போது வேறு பாதையில் சென்றுகொண்டிருந்தது. பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய பார்வையற்றோர், காது கேளாதோர் பள்ளிகளைத் தொடர்ந்து, புறக்கண்ணுக்குத் தெரியும் குறைபாடுகளுக்கே பள்ளிகளும் பயிற்சிகளும் அமைந்தன. மறுபுறம், 1956இல் விரிவாக்கப்பட்ட மதிய உணவுத் திட்டமும் கிராமந்தோறும் திறக்கப்பட்ட தொடக்கப் பள்ளிகளும், பெரம்பலூர், உடையார்பாளையம், அரியலூர் வட்டங்களின் மானாவாரி விவசாயக் குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறை மாணவர்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்தன. வாசிக்காத குழந்தைகளின் எண்ணிக்கை கூடியது. அதற்கு வறுமை, வீட்டில் படிப்பறிவின்மை, அறுவடைக் காலத்தில் பள்ளிக்கு வராமை என்று உண்மையான காரணங்களும் கைவசம் இருந்தன. அக்காரணங்களின் நிழலில் டிஸ்லெக்சியா உள்ள குழந்தை கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது. ‘மக்கு’ என்ற ஒற்றைச் சொல் அனைவருக்கும் போதுமானதாக இருந்தது.

புதிய மாவட்டமும் புதிய அமைப்புகளும்

இந்திய அரசு 1974இல் தொடங்கிய மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கான ஒருங்கிணைந்த கல்வித் திட்டம், அவர்களைப் பொதுப்பள்ளியில் சேர்க்க வழிவகுத்தது. 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை மாவட்டந்தோறும் ஓர் ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தை முன்மொழிந்தது. மாநிலத் தலைநகரில் வகுக்கப்படும் பயிற்சியை மாவட்டத்துக்கு இறக்குவதே அதன் நோக்கம். எனினும் பெரம்பலூர்ப் பகுதியின் ஆசிரியர்களுக்கு மாவட்டத் தலைநகர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலிருந்த திருச்சிராப்பள்ளியாகவே இருந்தது.

1995இல் திருச்சிராப்பள்ளி மாவட்டம் பிரிக்கப்பட்டுப் பெரம்பலூர் மாவட்டம் உருவானது. அரியலூர் 2001இல் தனி மாவட்டமாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 முதல் மறுபடியும் தனி மாவட்டமாக இயங்கி வருகிறது. இந்த நிர்வாக மாற்றங்கள் கல்விக்கு நேரடிப் பயன் தந்தன. பெண் கல்வியறிவில் பின்தங்கிய மாவட்டங்களைத் தெரிந்தெடுத்து மத்திய அரசு 1994 முதல் செயல்படுத்திய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டத்தில், 1990களின் பிற்பகுதியில் பெரம்பலூரும் இடம்பெற்றது. ஒன்றியந்தோறும் வட்டார வள மையம், சில பள்ளிகளுக்கு ஒன்றாகக் குறுவள மையம் என்னும் இரண்டடுக்கு அமைப்பு அத்திட்டத்தின் வழியே வேரூன்றியது. இன்று பெரம்பலூர், வேப்பந்தட்டை, வேப்பூர், ஆலத்தூர் ஆகிய நான்கு ஒன்றியங்களிலும், அரியலூர், திருமானூர், செந்துறை, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், தா.பழூர் ஆகிய ஆறு ஒன்றியங்களிலும் ஆசிரியர் பயிற்சியின் அன்றாட நடைமுறை இந்த மையங்களையே சார்ந்துள்ளது. அரியலூர் மாவட்டத்தின் கீழப்பழுவூரில் அமைந்த ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம், பயிற்சியின் உள்ளடக்கத்தை இவ்வட்டாரத்திலேயே செழுமைப்படுத்தும் வாய்ப்பைத் தந்தது.

2001இல் தொடங்கிய அனைவருக்கும் கல்வி இயக்கம் இந்த அமைப்பை விரிவாக்கியது. ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 20 நாள் பணியிடைப் பயிற்சி, சிறப்புத் தேவையுள்ள குழந்தை ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 1,200 ரூபாய் ஒதுக்கீடு என்பன அதன் விதிமுறைகளாக இருந்தன. சிறப்புப் பயிற்றுநர்கள் ஒன்றிய அளவில் அமர்த்தப்பட்டார்கள். பொதுப்பள்ளி ஆசிரியர்களுக்குச் சில நாள் அறிமுகப் பயிற்சி தரப்பட்டது. பார்வை, செவித்திறன், உடலியக்கம், அறிவுத்திறன் ஆகியவற்றின் குறைபாடுகளை அறிதலே அப்பயிற்சியில் பெரும்பங்கு வகித்தது. 1995ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பட்டியலிட்ட ஏழு வகைகளில் கற்றல் குறைபாடு இல்லை என்பதை நினைத்தால், இந்தப் போக்கு வியப்புக்குரியதன்று. சட்டம் பெயரிடாத குறைபாட்டுக்குச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாத குழந்தைக்காகத் திட்டம் வகுப்பது நிர்வாகத்துக்குக் கடினம்.

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுவதும் விரிந்த செயல்வழிக் கற்றல், இவ்வரலாற்றில் தனியிடம் பெறத் தக்கது. பாடநூலின் அலகுகளை அட்டைகளாக்கி, குழந்தை தன் வேகத்தில் ஓர் ஏணியின் படிகளைப் போல ஒவ்வொன்றாகக் கடந்துசெல்லும் முறை அது. எந்தப் படியில் எந்தக் குழந்தை நின்றுவிட்டது என்பதை ஆசிரியர் நேரே காணும் நிலை அதனால் உருவானது. ஆனால் நின்றுவிட்ட குழந்தையை அடுத்த படிக்கு ஏற்றுவதற்கான ஒலிப்பயிற்சி அந்த ஏணிக்குள் போதிய அளவில் இல்லை. அட்டையைத் தானே வாசித்து முன்னேற வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்ட இடத்தில், வாசிப்பிலேயே குறைபாடுள்ள குழந்தை தேங்கி நின்றது.

சென்னையில் உருவான அறிவும் அது கிராமத்தை அடைந்த விதமும்

தமிழ்நாட்டில் டிஸ்லெக்சியாவைத் தனித்துறையாக வளர்த்ததில் 1990களின் தொடக்கத்தில் உருவான மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. குழந்தைகளை மதிப்பிடுதல், தனிப்பயிற்சி அளித்தல், ஆசிரியர்களைப் பயிற்றுவித்தல் ஆகிய மூன்றையும் இணைத்துச் செயல்பட்ட அச்சங்கம், தனியார் பள்ளிகளோடு அரசு, மாநகராட்சிப் பள்ளிகளின் ஆசிரியர்களையும் பயிற்றுவித்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவரின் உதவி, ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் இம்மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கியது. 2007 டிசம்பரில் வெளியான ‘தாரே ஜமீன் பர்’ என்னும் இந்தித் திரைப்படம் இக்குறைபாட்டின் பெயரை நடுத்தர வர்க்கக் குடும்பங்களிடம் பரவச் செய்தது.

இம்முன்னேற்றங்களின் பயன் எல்லோருக்கும் சமமாகச் சென்று சேரவில்லை. தேர்வுச் சலுகை பெறச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழுக்கு உளவியலாளரின் மதிப்பீடு வேண்டும். அதற்குப் பெற்றோர் நகரத்துக்குச் செல்லவும் பள்ளி வழிகாட்டவும் வேண்டும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெரம்பலூர் 5,65,223 பேரோடு மாநிலத்தின் மிகக் குறைந்த மக்கள்தொகை கொண்ட மாவட்டமாக இருந்தது; அதன் எழுத்தறிவு விகிதம் சுமார் 74 சதவீதம், அரியலூரின் விகிதம் சுமார் 71 சதவீதம், மாநிலச் சராசரியோ 80 சதவீதம். தாங்களே வாசிக்கக் கற்றிராத பெற்றோர், தம் குழந்தை வாசிக்காததை மருத்துவ மதிப்பீட்டுக்குரிய செய்தியாகக் கருத வாய்ப்பில்லை. எனவே இத்தகைய மாவட்டங்களில் முதல் அடியை எடுத்துவைக்கக்கூடியவர் வகுப்பாசிரியர் ஒருவரே.

தமிழ் எழுத்துமுறை ஆசிரியரிடம் கோருவது

டிஸ்லெக்சியா பற்றிய கையேடுகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்டவை. அவற்றை அப்படியே மொழிபெயர்த்து நடத்தும் பயிற்சி தமிழ் வழிப் பள்ளிக்குப் பொருந்தாது. ஆங்கிலத்தில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஒழுங்கற்றது என்பதால் அங்கே தவறாக வாசிப்பதே முதல் அறிகுறியாகிறது. எழுத்தொலி உறவு ஒழுங்காக உள்ள ஜெர்மன் மொழியை ஆராய்ந்த ஹைன்ஸ் விம்மர், அம்மொழிக் குழந்தைகளிடம் பிழையைவிட மந்தமான வேகமே குறைபாட்டின் அடையாளமாக இருப்பதை 1993இல் காட்டினார். தமிழிலும் இக்கருத்து கவனத்துக்குரியது: ஐந்தாம் வகுப்பில் ஒவ்வோர் எழுத்தையும் சரியாகச் சொல்லும், ஆனால் ஒரு பத்தியை முடிப்பதற்குள் அதன் பொருளை இழந்துவிடும் மாணவர் ஆசிரியரின் கண்ணில் எளிதாகத் தப்பிவிடுவார்.

தமிழின் 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என 247 எழுத்துகளை வசப்படுத்துவதற்கே ஆண்டுகள் ஆகும். தமிழைப் போன்றே அசையெழுத்து முறை கொண்ட கன்னடத்தில் சோனாலி நாக் செய்த ஆய்வு, எழுத்துகள் முழுவதையும் கற்கும் காலம் தொடக்கப் பள்ளியின் பிந்திய வகுப்புகள்வரை நீள்வதை 2007இல் எடுத்துக்காட்டியது. இதற்கு மேல் தமிழுக்கே உரிய சிக்கல்களும் உள்ளன. ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் உயிரின் குறி மெய்க்கு முன்னே எழுதப்படுகிறது, ஆனால் ஒலி பின்னே வருகிறது. ‘கொ’, ‘கோ’ ஆகியவற்றில் குறி இருபுறமும் நிற்கிறது. ‘கு’, ‘சு’, ‘டு’, ‘து’ என உகரக் குறி மெய்க்கு மெய் உருமாறுகிறது. ககரம் ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ ஆகிய சொற்களில் மூவகையாக ஒலிக்கிறது. பெரியார் 1935 முதல் வலியுறுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தின் ஒரு பகுதியைத் தமிழ்நாடு அரசு 1978இல் ஏற்று, ‘ணா’, ‘றா’, ‘னா’, ‘ணை’, ‘லை’ முதலியவற்றின் வடிவை ஒழுங்குபடுத்தியதால் குழந்தையின் சுமை ஓரளவு குறைந்தது. இகர, உகர வரிசைகள் அப்படியே நீடிக்கின்றன.

பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் உள்ள இடைவெளி மற்றொரு சுமை. ‘வந்துக்கிட்டிருக்காங்க’ என்று பேசும் குழந்தை ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ என்னும் நீண்ட சொல்லை வாசிக்கும்போது, அறிந்த சொல்லின் துணையின்றி எழுத்தை மட்டுமே நம்பிச் செல்ல வேண்டியிருக்கிறது. ழகரமும் ளகரமும், னகரமும் ணகரமும் பேச்சில் வேறுபடாத இடத்தில், ‘மனம்’, ‘மணம்’ ஆகிய சொற்களை எழுத்தில் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. இங்கே எல்லாக் குழந்தைகளும் பிழை செய்வார்கள். பயிற்சிக்குப் பிறகும் பிழை குறையாத குழந்தையைப் பிரித்தறிவதற்குத்தான் ஆசிரியருக்குத் தேர்ச்சி தேவை.

பிரிட்டனில் பிராட்லி, பிரையன்ட் ஆகிய இருவரும் 1983இல் வெளியிட்ட ஆய்வு, சொற்களின் ஒலிகளைப் பிரித்தும் சேர்த்தும் பார்க்கும் திறனைக் கற்றுத்தந்தால் வாசிப்பு மேம்படுகிறது என்று காட்டியது. இதைத் தமிழ் வகுப்பறைக்கு ஏற்றவாறு அமைத்தால் பயிற்சியின் உள்ளடக்கம் தெளிவாகிறது: சொல்லை அசையசையாகக் கைதட்டிப் பிரித்தல்; ‘மரம்’ என்பதில் முதலெழுத்தை நீக்கினால் எஞ்சுவது எது என்று வாய்மொழியாகக் கேட்டல்; ‘கல்’, ‘பல்’, ‘சொல்’ என இறுதியொலி ஒத்த சொற்களைத் திரட்டுதல்; ஒரு நேரத்தில் ஓர் உயிர்க்குறியை மட்டும் எடுத்துக்கொண்டு, அது எல்லா மெய்களோடும் சேரும் விதத்தை மணலிலோ உப்புத்தாளிலோ தடவிச் சொல்லிப் பழகுதல்; நீண்ட சொல்லை அடிச்சொல், ஒட்டு எனத் துண்டுபோட்டு வாசித்தல்; கற்றதை நாள்தோறும் திரும்பப் பார்த்தல். வகுப்பின் முன் எழுந்து நின்று வாசிக்கும்படி கட்டாயப்படுத்தாமை, வாய்மொழி விடைக்கும் மதிப்பெண் தருதல், எழுத்துப் பிழையையும் பொருளறிவையும் தனித்தனியே மதிப்பிடுதல் ஆகியவையும் இப்பயிற்சியின் பகுதிகளே.

சட்டமும் செயலியும்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறைபாடுகளின் பட்டியலை ஏழிலிருந்து 21 ஆக விரித்து, குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும் அதில் சேர்த்தது. அக்குறைபாட்டைக் கூடிய விரைவில் கண்டறிந்து, அதற்குரிய கற்பித்தல் நடவடிக்கைகளை எடுப்பதை அச்சட்டத்தின் 16ஆம் பிரிவு கல்வி நிறுவனங்களின் கடமையாக்கியது. கண்டறிதலையும் கற்பித்தலையும் ஒரே சொற்றொடரில் இணைத்திருப்பது கவனிக்கத் தக்கது. 2018 ஜனவரியில் வெளியான மதிப்பீட்டு நெறிமுறைகள் எட்டு வயதுக்குப் பிறகே சான்றிதழ் வழங்க வகைசெய்தன. அதற்கு முன்னான ஆண்டுகளில் குழந்தைக்குத் துணை வகுப்பாசிரியர் மட்டுமே. சிறப்பாசிரியர் ஒருவருக்குத் தொடக்க நிலையில் 10 மாணவர், நடுநிலையிலும் அதற்கு மேலும் 15 மாணவர் என்னும் விகிதத்தை உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் வலியுறுத்தியது.

பெருந்தொற்றால் தமிழ்நாட்டின் தொடக்க, நடுநிலை வகுப்புகள் 2020 மார்ச் முதல் 2021 நவம்பர் 1 வரை மூடப்பட்டிருந்தன. அந்த இழப்பை ஈடுகட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’ 2021இலும், ‘எண்ணும் எழுத்தும்’ 2022இலும் தொடங்கப்பட்டன. பிந்தைய திட்டம் தொடக்க வகுப்பு மாணவர்களை அவர்களின் கற்றல் நிலைக்கேற்ப அரும்பு, மொட்டு, மலர் என வகைப்படுத்திக் கற்பிப்பது. அதே 2022இல், 21 வகைக் குறைபாடுகளின் அறிகுறிகளையும் வகுப்பாசிரியரே பதிவு செய்யும் ‘நலம் நாடி’ செயலியும் அறிமுகமானது. அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கண்டறிதலுக்கான கருவிகள் இவ்வாறு இவ்வட்டாரத்தை வந்தடைந்துவிட்டன.

வரிசை மாற வேண்டிய இடம்

இந்த நீண்ட வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகிறது. முறையான கற்பித்தல் கிடைத்த பிறகும் நீடிக்கும் வாசிப்புச் சிரமமே டிஸ்லெக்சியா என்பது அதன் வரையறையிலேயே அடங்கியுள்ளது. முதல் தலைமுறை மாணவர்கள் மிகுந்த வகுப்பில், கற்பிக்கப்படாததால் வாசிக்காத குழந்தையும் குறைபாட்டால் வாசிக்காத குழந்தையும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருப்பார்கள். அறிகுறிப் பட்டியலை எவ்வளவு கவனமாக நிரப்பினாலும் அது இருவரையும் பிரித்துக்காட்டாது. இருவருக்கும் ஒலியிலிருந்து தொடங்கும் நல்ல வாசிப்புப் பயிற்சியைச் சில மாதங்கள் கொடுத்தால், முதலாமவர் முன்னேறிச் செல்வார், இரண்டாமவர் தடுமாறி நிற்பார். அப்போதுதான் அவருக்குத் தேவையான கூடுதல் உதவியும் மதிப்பீடும் எவை என்பது தெரியவரும். கற்பித்தலுக்குக் குழந்தை காட்டும் முன்னேற்றத்தையே கண்டறிதலின் அளவுகோலாகக் கொள்ளும் இவ்வழியை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 2004இல் ஏற்றுக்கொண்டது. நகரத்து உளவியலாளரை எளிதில் அடைய முடியாத பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

ஆகையால் ஆசிரியர் பயிற்சியின் வரிசை மாற வேண்டும். முதலில் குறைபாட்டைக் கண்டுபிடி, பிறகு நிபுணரிடம் அனுப்பு என்னும் வரிசையில் அமைந்த பயிற்சி, அனுப்புவதோடு ஆசிரியரின் வேலையை முடித்துவிடுகிறது. தமிழ் வாசிப்பை ஒலியிலிருந்து கற்பிக்கும் முறையை ஆசிரியர் அனைவருக்கும் முதலில் பயிற்றுவித்து, தொடர்ந்து அரும்பு நிலையிலேயே நிற்கும் குழந்தைகளைச் சிறப்புப் பயிற்றுநரோடு சேர்ந்து கவனிக்கும் வரிசையே இவ்வட்டாரத்துக்கு ஏற்றது. ஆண்டுக்கு ஒருமுறை நடைபெறும் பெரிய பயிற்சி முகாமைவிட, குறுவள மையக் கூட்டங்களில் ஆசிரியர்கள் தம் வகுப்பின் ஒரு குழந்தையின் வாசிப்பை முன்வைத்துப் பேசும் பழக்கம் பயன் தரும். கீழப்பழுவூர் நிறுவனம் போன்ற அமைப்புகள் இவ்வட்டாரத்தின் பேச்சு வழக்கையும் குழந்தைகளின் பிழை வகைகளையும் தொகுத்துத் தமிழுக்கே உரிய கையேட்டை உருவாக்கினால், அது மாநிலம் முழுமைக்கும் உதவும்.

மையங்கள் இருக்கின்றன, சட்டம் இருக்கிறது, குழந்தைகளின் நிலையைப் பதிவு செய்யும் வழியும் இருக்கிறது. வாசிப்பைக் கற்பிக்கும் கலையை ஒவ்வொரு தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கும் முழுமையாகக் கற்றுக்கொடுப்பதே கல்வித் துறை இவ்விரு மாவட்டங்களுக்கும் செலுத்த வேண்டிய கடன். அந்தக் கடனை அடைக்காமல், எந்தக் குழந்தையையும் படிக்கத் தகுதியற்றது என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.